கட்டற்ற மென்பொருள் உருவாக்கத்திற்கான நிதிவழிகளும் பராமரிப்புச் சிக்கலும்

கட்டற்ற திறந்த மூல மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதனை உருவாக்கிப் பராமரிக்கும் உழைப்புக்கோ செலவு உண்டு. நன்கொடை, சேவை ஒப்பந்தம், நிறுவன நல்கை, அரசு நிதி ஆகியன அச்செலவை ஈடுசெய்யும் முதன்மையான வழிகள். இவற்றுள் எது எப்பணிக்கு உதவுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பயனர் நேரடியாகக் கையாளும் மென்பொருளுக்கு நன்கொடை எளிதில் சேர்கிறது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் மூலநிரலை விடுவிக்க 2002இல் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரண்டது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் பயனரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை அதனைச் சார்ந்திருந்தும், 2014க்கு முன் அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலரே. ஒப்பந்த வருவாய் இதனினும் மிகுதி. ஆயினும் அது வாடிக்கையாளர் வேண்டிய பணிகளுக்கே உரியதாயிற்று. முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒருவரே. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழை ஈராண்டுகள் கழித்தே, 2014 ஏப்ரலில், வெளிப்பட்டது.

அம்மாதமே லினக்ஸ் அறக்கட்டளை கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்களின் நல்கையைத் திரட்டி, அடிப்படை மென்பொருள்களுக்கான நிதித்திட்டத்தை அறிவித்தது. 2022இல் ஜெர்மனி இதே நோக்கில் அரசு நிதியம் ஒன்றை நிறுவியது.

புதிய வசதியை வேண்டுவோர் அதற்குப் பணம் தருவர். பராமரிப்போ அனைவருக்கும் தேவையாதலின் எவர் பொறுப்பிலும் அமைவதில்லை. ஆகவே, கட்டற்ற மென்பொருளைச் சார்ந்து நிகழும் ஆய்வுத்திட்டங்களும் தம் நிதிநிலையில் பராமரிப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்குதல் தகும்.