விருத்தாசலம் வெயிலில் லயன்ஹெட் முயல்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கவனிக்க வேண்டியவை

நிலக்கடலை, முந்திரி, கரும்பு பற்றிய அழைப்புகளுக்கு நடுவே, சில ஆண்டுகளாக எங்களுக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது. "சார், பிள்ளைங்க ஆசைப்பட்டாங்கன்னு சிங்கத்தலை முயல் ஒரு ஜோடி வாங்கினோம். நேத்து மத்தியானம் ஒண்ணு செத்துப்போச்சு. என்ன நோய்?" இந்த அழைப்பு பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும். கூண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால், மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே என்பார்கள். பல சமயம் நோய் எதுவும் இருப்பதில்லை. காரணம் வெயில்.

லயன்ஹெட் முயலைச் செல்லப் பிராணியாக வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட விலங்கு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எங்கிருந்து வந்தது?

லயன்ஹெட் பெல்ஜியத்தில் உருவான சிறிய இனம். பிரிட்டன் முயல் கவுன்சில் 2002-லும், அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் 2014-லும்தான் இதைத் தனி இனமாக ஏற்றன. வளர்ந்த முயல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை இருக்கும். தலையைச் சுற்றி நிற்கும் பிடரி முடிதான் பெயருக்குக் காரணம். நன்றாகப் பராமரித்தால் 7 முதல் 9 ஆண்டுகள் வரை வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தரும் முயல், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் காலம்வரை வீட்டில் இருக்கலாம்.

பிடரி ஓங்கு பண்பாக வருகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற குட்டிக்குக் கழுத்தில் மட்டுமின்றி விலாவிலும் முடி அடர்ந்திருக்கும். பிறந்த சில நாட்களில் பின்பக்கம் 'வி' வடிவத்தில் முடியில்லாத பட்டை தெரிவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குட்டிக்குப் பிடரி குறைவு. வளர வளர அது உதிர்ந்து, பலவற்றில் வெறும் குடுமிதான் மிஞ்சும். "வாங்கும்போது சிங்கம் மாதிரி இருந்தது, இப்போது சாதா முயல் ஆகிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று வருத்தப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு இந்த முயல்தான் ஏற்றது. முடி குறையக் குறைய அதன் கோடை எளிதாகும்.

வெயிலை ஏன் தாங்காது?

முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. நாயைப் போல் இரைத்தும் போதுமான அளவு சூட்டை வெளியேற்ற முடியாது. காதில் ஓடும் இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடல் வெப்பத்தை அதிகம் வெளியேற்றுகிறது. லயன்ஹெட்டின் காது ஏறக்குறைய 3 அங்குலம்தான். கழுத்தைச் சுற்றியோ கம்பளி. சூடு வெளியேறும் வழி குறுகியது, சூட்டைப் பிடித்து வைக்கும் போர்வை தடிமனானது.

முயலுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதமானது. 30-ஐத் தாண்டினால் தீவனம் எடுப்பது குறையும். 35-க்கு மேல் உயிருக்கு ஆபத்து. விருத்தாசலத்தில் கத்திரி வெயில் 40-ஐத் தொடுவது நமக்குப் புதிதல்ல. முயல் ஆராய்ச்சி நடக்கும் நிலையங்களைப் பாருங்கள்: நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானலில் மன்னவனூர். இரண்டும் குளிர்ந்த மலைகள். சமவெளியில் முயலே வளர்க்க முடியாது என்று இதற்குப் பொருளில்லை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற குட்டை முடி இனங்களைப் பலர் நல்ல கொட்டகையில் வளர்க்கிறார்கள். பிடரி முயலுக்கு அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

இடமும் குளிர்ச்சியும்

மொட்டை மாடி, தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை மூன்றும் வேண்டாம். கோடையில் முயல் வீட்டுக்குள், தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையில் இருக்கட்டும். வெளியே கூண்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் வேப்பமர நிழலில், தென்னங்கீற்று அல்லது கரும்புத் தோகைக் கூரையின் கீழ் வையுங்கள். இரவில் நாய், பூனை, பாம்பு நுழையாதபடி சிறு கண் வலை அவசியம்.

"ஃபேன் போட்டிருந்தோமே" என்பார்கள். நமக்கு மின்விசிறி இதமாக இருப்பது வியர்வை ஆவியாவதால். வியர்க்காத விலங்கின் மேல் சூடான காற்றை ஓட்டுவதால் பயன் குறைவு. அறையின் ஒரு பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அதன் வழியே காற்று வரும்படி செய்யுங்கள். எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை புழுங்கும்.

பீங்கான் ஊரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தண்ணீர் வைக்க மெருகேற்றிய, கனமான பீங்கான் கிண்ணம் மிக நல்லது. முயல் அதைக் கவிழ்க்காது, கடித்துத் தின்னாது, கழுவவும் எளிது. பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கரம்பித் தின்றுவிடும். ஆனால் கொலுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டிய பாத்திரங்களைத் தீவனத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த வண்ணம் உணவுக்கானது அல்ல.

குளிர்ச்சிக்குப் பீங்கான் உதவாது, சுட்ட மண்தான் உதவும். மெருகேற்றிய பரப்பில் நீர் கசியாது. மண்பானையில் கசிந்து ஆவியாகும், அதனால் பானை குளிரும். வாய் அகன்ற பழைய மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, வெளிப்புறம் ஈரத் துணி சுற்றிவிடுங்கள். முயல் பகல் முழுவதும் அதற்குள் படுத்துக்கொள்ளும். வளைக்குள் வாழும் விலங்கு என்பதால் அதன் இயல்புக்கும் இது ஒத்துப்போகும். கூர்மையான விளிம்பு இருந்தால் தேய்த்துவிடுங்கள். தரையில் போட ஒரு டைல்ஸ் துண்டும் போதும்.

காது சூடேறிச் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கால் நீட்டி அசையாமல் கிடந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொல்லும். வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் காது ஈரமாக இருக்கட்டும்.

தீவனம்

கேரட் முயலின் முதன்மை உணவு என்பது கார்ட்டூன் சொல்லிக் கொடுத்த கதை. அதில் சர்க்கரை அதிகம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு சிறு துண்டு போதும். முயலின் தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்றால்தான் தேயும். குடல் ஓடுவதற்கும் அந்த நார்ச்சத்துதான் காரணம். கொழுக்கட்டைப்புல், அருகம்புல், கம்பு நேப்பியர் இலை ஆகியவற்றை நிழலில் உலர்த்திச் சேமித்து வைக்கலாம். முயல் மசால் என்று நாம் பெயரே வைத்திருக்கும் தீவனத்தையும், வேலிமசாலையும் பச்சையாகக் கொஞ்சம் கொடுக்கலாம். அடர்தீவனக் குருணை நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம். சுபாபுல், இளஞ்சோளப் பயிர், மரவள்ளி இலை, வெங்காயம், உருளைக்கிழங்கு கொடுக்காதீர்கள்.

நம் பகுதிக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, நிலக்கடலைக் கொடி. முயல் விரும்பித் தின்னும். ஆனால் மழையில் நனைந்து, குவியலில் கிடந்து பூசணம் பிடித்த கொடியில் அஃப்லாடாக்சின் நஞ்சு இருக்கலாம். மாடு தாங்கும் அளவை முயலின் கல்லீரல் தாங்காது. கொடியில் ஒட்டிய முற்றாத காய்களை அகற்றி, நன்றாகக் காய்ந்ததை மட்டும் கைப்பிடியளவு கொடுங்கள். தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீர் குழம்பிப் போகும். இரண்டாவது, முந்திரித் தோப்புப் புல். பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடித்த தோப்பிலிருந்து புல் அறுத்து வரவே வராதீர்கள்.

தண்ணீர் ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 150 மி.லி. வரை குடிக்கும். கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

உடல் நலம்

நான் பயிர் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. மருந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முயல் 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். குடல் நின்றுபோனால் விரைவில் இறந்துவிடும். பிடரி முயலில் நக்கி விழுங்கிய முடியும் இதில் சேர்ந்துகொள்கிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. வாரம் இரண்டு முறை அகலப் பல் சீப்பால் பிடரியை வாருங்கள். முடி உதிரும் காலத்தில் தினமும் வாருங்கள். சிக்குப் பிடித்தால் வெட்டிவிடுங்கள், அழகு போகட்டும். குளிப்பாட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்பக்க முடியில் கழிவு ஒட்டி ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அந்த மாதங்களில் தினமும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

தன் மென் புழுக்கையைத் தானே தின்பது நோயல்ல. அது இரண்டாம் முறை செரிக்கும் அதன் வழக்கம்.

காதில் சொறி வந்தால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை முயலுக்குத் தெளித்துவிடுகிறார்கள். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயல் இறந்துவிடும். நெல்லுக்கும் கரும்புக்கும் நீங்கள் பயன்படுத்துவதும் அதே மருந்துதான். மனிதருக்கான அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதும் அப்படியே. அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். விருத்தாசலம் அரசு கால்நடை மருத்துவமனையிலோ, கடலூரிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலோ கேளுங்கள்.

ஜோடி வாங்கினால் லாபமா?

ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் 31 நாளில் குட்டி. ஈன்ற அன்றே பெண் மீண்டும் சினைப்பட முடியும். "ஜோடி வாங்குங்கள், குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பெருந்துறை ஈமு கோழித் திட்டங்கள் 2012-ல் எப்படி முடிந்தன என்பது நினைவிருக்கும். அங்கும் இதே வாக்குறுதிதான். மேலும், 30 டிகிரிக்கு மேல் ஆண் முயலின் விந்துத் தரம் குறைகிறது. கோடையில் பல வாரம் சினையே பிடிக்காது. செல்லப் பிராணிச் சந்தை விருப்பத்தை நம்பியது, பால் போல் தினசரித் தேவை அல்ல. கடன் வாங்கி இதில் இறங்க நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வளர்க்க ஆசைப்படுபவர்கள் மாசி, பங்குனியில் வாங்க வேண்டாம். வந்து பழகுவதற்குள் கத்திரி தொடங்கிவிடும். மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம். 8 வாரம் நிரம்பாத குட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். பால் மறக்காத குட்டிகள் கழிச்சலில் அதிகம் இறக்கின்றன. கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள், 2018 விதிகளின்படி அது கட்டாயம். முந்திரிக் காட்டில் பிடித்தது என்று யாராவது முயல் கொண்டுவந்தால் தொடாதீர்கள். காட்டு முயல் வேறு இனம், வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம்.