ஜாலஹள்ளியில் உத்தியோகம், கடைசிப் பக்கத்தில் எழுத்து

பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எஸ். ரங்கராஜன் என்று ஓர் அதிகாரி பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ், பிறகு டில்லியில் சிவில் விமானத் துறை, அதற்குப் பிறகு பெங்களூர். படித்து முடித்து, வேலை கிடைத்த ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட எத்தனையோ தமிழ் இளைஞர்கள் நடந்த வழிதான் இது. பி.இ.எல்., எச்.ஏ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. என்று எந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டாலும் அந்நாளில் இப்படி வந்தவர்கள் இருந்தார்கள்.

இவரிடம் கூடுதலாக ஒன்று இருந்தது. கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை, படித்ததில் பிடித்ததை உடனே எழுதிவிடுகிற பழக்கம். ஆள் யாரென்று வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், பெயர்க் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட சுஜாதா.

‘நைலான் கயிறு’, ‘கரையெல்லாம் செண்பகப்பூ’, ‘என் இனிய இயந்திரா’ என்று அவருடைய தொடர்கதைகளுக்காக வாரப் பத்திரிகை வரும் நாளை எண்ணிக் காத்திருந்தவர்கள் ஏராளம். அந்தக் கதைகளைப் பற்றி வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. அவற்றுக்குப் பக்கத்திலேயே, அதிகம் பேர் கவனிக்காத வேறொரு மூலையில், அவர் ஒரு சின்னக் காரியத்தையும் விடாமல் செய்துகொண்டிருந்தார்.

டில்லியில் பிறந்த பத்திரிகை

1965-ல் டில்லித் தமிழர்களின் முயற்சியில் ‘கணையாழி’ என்ற மாதப் பத்திரிகை பிறந்தது. நடத்தியவர் பத்திரிகையாளர் கி. கஸ்தூரிரங்கன். தலைநகரில் வேலைக்குப் போன இடத்தில், தமிழில் பேசவும் எழுதவும் ஓர் இடம் வேண்டுமென்று சிலர் சேர்ந்து செய்த காரியம் அது. பின்னால் பத்திரிகை சென்னைக்குப் போனது. அசோகமித்திரன் நெடுங்காலம் ஆசிரியர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். விற்பனை சொற்பம். வருமானத்தை நம்பி அதில் யாரும் எழுதவில்லை.

அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்ற பெயரில் ஒருவர் எழுதி வந்தார். அவரும் இதே ரங்கராஜன்தான். வாரப் பத்திரிகையில் கதாநாயகனும் கொலையும் திருப்பமும் தேவை. கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. படித்த புதுக்கவிதை ஒன்று, பார்த்த சினிமா ஒன்று, எங்கோ வாசித்த விஞ்ஞானச் செய்தி, ஒரு ஜப்பானிய ஹைக்கூ, பிரபல பத்திரிகைகளைப் பற்றி ஒரு குத்தல். நாலைந்து விஷயங்களை ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கமாக உட்கார வைத்துவிடுவார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பாலம் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் பேச்சை மாற்றுகிற மாதிரி மாற்றுவார், அவ்வளவுதான்.

அறுபதுகளில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் தொண்ணூறுகள் வரை வந்தது. அதற்குள் டிரான்சிஸ்டர் ரேடியோ போய் டெலிவிஷன் வந்தது. அறையை அடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மேஜை மேல் ஏறியது. இவற்றையெல்லாம் தொழிற்சாலைக்கு உள்ளேயிருந்து பார்த்தவர், வெளியே வந்து தமிழில் சொன்னார் என்பதில்தான் இந்தப் பக்கத்தின் மதிப்பு இருக்கிறது.

மூன்று பாஷை வாழ்க்கை

வெளிமாநிலத் தமிழனின் சங்கடம் வெளிமாநிலத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆபீஸில் இங்கிலீஷ். தெருவில் கன்னடம். வீட்டுக்குள் தமிழ். நாளடைவில் அந்தத் தமிழ் சமையலறைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் மட்டும் உரிய பாஷையாகச் சுருங்கிவிடுகிறது. நாள் முழுவதும் செய்கிற வேலையைப் பற்றி மனைவியிடமோ, ஊரிலிருந்து வந்திருக்கும் தகப்பனாரிடமோ தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லத் தெரியாமல் போகிறது. “என்னமோ ஆபீஸ் வேலைப்பா” என்று முடித்துவிடுகிறார்கள். வாழ்க்கையின் பாதி, தாய்மொழியில் சொல்லப்படாமலே கழிந்துவிடுகிறது.

ரங்கராஜன் இதை ஏற்கவில்லை. பகலில் பார்த்த வேலையை இரவில் எழுதுகிற பாஷைக்குள் கொண்டுவந்தார். பொருத்தமான தமிழ்ச் சொல் இருந்தால் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு மேலே போய்விடுவார். சிப் என்பதைச் சில்லு ஆக்கி ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தார். பாஷையைக் கெடுக்கிறார் என்று அவர்மேல் புகார் வந்தது. புகாரில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழில் சுலபமாகச் சொல்லக்கூடிய இடங்களிலும் அவர் இங்கிலீஷைத் தூவியது உண்டு; ஆழமாகப் போகவேண்டிய இடத்தில் ஒரு வேடிக்கையோடு நழுவியதும் உண்டு. ஆனால் சொல் அமையட்டும் என்று காத்திருந்தவர்கள் எழுதாமலே போனார்கள். அவர் எழுதிவிட்டார்.

பொத்தானும் வாக்காளரும்

அவருடைய உத்தியோகத்தில் நாடு முழுவதற்கும் தெரிந்த காரியம், மின்னணு ஓட்டு யந்திரம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும், ஹைதராபாதிலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் அதைத் தயாரித்தன. பெங்களூரில் அந்த வேலையை மேற்பார்வையிட்டவர்களில் முக்கியமானவர் ரங்கராஜன்.

யந்திரம் இரண்டு பெட்டிகள் கொண்டது. ஒன்று வாக்காளர் பொத்தானை அழுத்துவது. மற்றொன்று தேர்தல் அதிகாரியிடம் இருப்பது. இரண்டையும் ஐந்து மீட்டர் கேபிள் இணைக்கிறது. அதிகாரி தன் பெட்டியில் அனுமதி தந்தால்தான் ஓர் ஓட்டு விழும். மின்சாரம் இல்லாத கிராமத்திலும் ஓடவேண்டும் என்பதால் பாட்டரி. கட்டுக்கட்டாகச் சீட்டைத் திணிக்கிற வித்தை இங்கே பலிக்காது. ஆரம்ப கால யந்திரம் நிமிஷத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் வாங்காது.

1982 மே மாதம், கேரளத்தில் பரூர் சட்டசபைத் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மின்னணு யந்திரம் வைக்கப்பட்டது. வெற்றி வித்தியாசம் 123 ஓட்டு. தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். யந்திரத்தில் ஓட்டுப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளிலும் மறுபடி சீட்டு முறையில் ஓட்டெடுப்பு நடந்தது. வழக்குப் போட்டவர் ஜெயித்தார்! யந்திரம் மூலைக்குப் போயிற்று. 1988-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1998-ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லி ஆகிய இடங்களில் 16 தொகுதிகளில் சோதித்து, 2004 பார்லிமென்ட் தேர்தலில்தான் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது. அதற்குள் ரங்கராஜன் ஓய்வு பெற்றுச் சென்னைக்கே போய்விட்டார்.

இத்தனை சரித்திரத்தையும் சர்க்கார் ரிக்கார்டுகளிலும் தீர்ப்புகளிலும் தேடி எடுக்கலாம். செய்தவரே ஓட்டு யந்திரத்தைப் பற்றித் தமிழில் எழுதினார் என்பதுதான் அபூர்வம். நாட்டில் பெரிய பெரிய அணைகளையும் ராடார்களையும் விமானங்களையும் உருவாக்கியதில் தமிழ் என்ஜினீயர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களில் எத்தனை பேர் ஒரு பக்கமாவது தமிழில் எழுதிவைத்தார்கள்? ரிடையராகி, பிராவிடண்ட் பண்டை வாங்கிக்கொண்டு, அத்தனையையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சென்னைக்குப் போன பிறகும் பழக்கம் நிற்கவில்லை. ஆனந்த விகடனில் ‘கற்றதும் பெற்றதும்’ என்ற பெயரில் அதே திண்ணைப் பேச்சு, இப்போது லட்சக்கணக்கான வாசகர்களுக்கு. தமிழ் இணையத்துக்கு வந்த புதிதில் ‘அம்பலம்’ என்ற மின்னிதழுக்கு ஆசிரியராக இருந்து, வாசகர்களோடு நேரடியாக உரையாடினார். கடைசிப் பக்கத்தில் கவிதை தேடிய கண் அப்போதும் மங்கவில்லை. கணையாழி விழா ஒன்றில், அன்று பிரபலமாகாத நா. முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையை மேடையில் படித்துக் காட்டியவர் அவர்தான். கிணற்றில் தூர் வாருவதைப் பற்றிய கவிதை. எலெக்ட்ரானிக்ஸ்காரர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. முப்பது வருஷமாக அவர் செய்துவந்தது அதுதானே!

2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா காலமானார். கடைசிப் பக்கங்கள் தொகுக்கப்பட்டுத் தடித்த புத்தகமாகக் கிடைக்கின்றன. நடுவில் எங்கே பிரித்தாலும் சரி. அல்சூர் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்துவிட்டு, இறங்கும் இடம் வந்ததும் மூடி வைக்கலாம்.