ஏறாத மலைகள்

ரயில் பாதை போடுகிறவனுக்கு மலை என்பது ஒரு கணக்கு. குறுக்கே குன்று வந்தால் மூன்றே வழிகள்தான்: வெட்டிப் போவது, குடைந்து போவது, சுற்றிப் போவது. எதில் செலவு குறைவோ அதுவே நல்ல வழி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய எனக்கு, ஓய்வுக்குப் பின் படிக்க நேரம் கிடைத்தபோது ஒரு விஷயம் பெரும் வியப்பாக இருந்தது. உலகின் வெவ்வேறு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், தாங்கள் தெய்வமாக மதிக்கும் மலையின் உச்சியில் கால் வைப்பதே இல்லை. சுற்றி வருகிறார்கள், அல்லது கீழே நின்று கும்பிடுகிறார்கள். ஏற முடியாததால் அல்ல. ஏறக் கூடாது என்பதால்.

முதலில் கயிலாயம். உயரம் சுமார் 6,638 மீட்டர். எவரெஸ்டோடு ஒப்பிட்டால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் குறைவு. இருந்தும் இதன் உச்சியை மனிதர் எட்டியதாக ஒரு பதிவும் கிடையாது. நமக்கு அது சிவபெருமானின் இருப்பிடம். சமணர்களுக்கு முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் முக்தி அடைந்த அஷ்டாபதம். திபெத்திய பௌத்தர்களுக்கு சக்ரசம்வரர் என்னும் தெய்வத்தின் மாளிகை. பௌத்தம் வருவதற்கு முன்பிருந்தே திபெத்தில் வேரூன்றியதாகச் சொல்லப்படும் பொன் மதத்தினருக்கும் அதுவே புனித மலை. சுற்றுப் பாதை சுமார் 52 கிலோமீட்டர். வழியில் வரும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்ற, பொன் மதத்தினர் இடமாகச் சுற்றுகிறார்கள். அதாவது ஒரே பாதையில் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே மோதல் எதுவும் இல்லை.

ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய ரெய்ன்ஹோல்ட் மெஸ்னருக்கு, 1980-களின் நடுவில் கயிலாயத்தில் ஏறச் சீன அரசு அனுமதி தர முன்வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2001-இல் ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று ஏறப் போவதாகச் செய்தி வந்ததும் பல நாடுகளில் எதிர்ப்பு எழுந்தது. யாருக்கும் அனுமதி இல்லை என்று சீனா அறிவித்தது.

இந்தத் தயக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. பெரிய புராணத்தில் காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து செல்கிறார். அப்பர் பெருமானின் கதை இன்னும் நுட்பமானது. நடந்து நடந்து பாதம் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் கிடக்கிறார். இந்த உடம்போடு போக முடியாது, திரும்பிப் போ என்கிறார் முனிவர் வடிவில் வந்த இறைவன். அப்பர் மறுக்கிறார். கடைசியில் அங்கே ஒரு தடாகத்தில் மூழ்கச் சொல்ல, எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது காவிரிக் கரையில்தான். இன்றும் ஆடி அமாவாசையில் திருவையாற்றில் அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். சொந்த ஊரை விட்டு வெகுதூரம் வந்து குடியேறிய நம் போன்றோருக்கு இந்தக் கதையில் ஓர் ஆறுதலும் இருக்கிறது.

திருவண்ணாமலைக் கதையும் அளவு பற்றியதுதான். அடியைத் தேடிப் பன்றியாய்த் திருமாலும், முடியைத் தேடி அன்னமாய்ப் பிரமனும் போய், இருவருமே காணாமல் திரும்பிய அக்கினித் தூணே அந்த மலை என்பது ஐதிகம். அடியையும் முடியையும் அளக்க முடியாது என்றால் மிச்சம் என்ன? சுற்றி வருவதுதான். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்.

எல்லாப் புனித மலைகளுக்கும் இதே விதி என்று சொல்லிவிட முடியாது. பழனியிலும் சபரிமலையிலும் ஏறுவதே வழிபாடு. இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சியில் இருக்கும் ஒரே பாதச் சுவட்டை பௌத்தர்கள் புத்தருடையது என்றும், நாம் சிவனுடையது என்றும், இஸ்லாமியர் ஆதாமுடையது என்றும் வணங்க, மூவரும் ஏறுகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் ஏறுகிறவன் விரதத்தோடோ வேண்டுதலோடோ போகிறான். உச்சியில் கொடி நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நோக்கம் வேறு.

அந்த நோக்கத்தோடு வந்தவர்களே ஒருமுறை நின்றுவிட்ட இடம் கஞ்சன்ஜங்கா. டார்ஜிலிங் போனவர்கள் பார்த்திருப்பார்கள். (அங்கே 1881-இல் ஓடத் தொடங்கிய இரண்டடி அகலப் பாதை, ஒரு சுரங்கம்கூட இல்லாமல், வளைந்தும் பின்வாங்கியுமே 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கும் நிலையம் வரை ஏறுகிறது. அதைப் போட்டவர்களுக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவதுண்டு.) உலகின் மூன்றாவது உயரமான இந்தச் சிகரம் சிக்கிம் மக்களின் காவல் தெய்வம். 1955 மே 25 அன்று ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இரு பிரிட்டிஷ் வீரர்கள் முதன்முதலாக அதை எட்டினார்கள். உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றார்கள். சிகரத்தை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் மன்னருக்கு அந்தக் குழு வாக்குக் கொடுத்திருந்தது. மறுநாள் ஏறிய இருவரும் அப்படியே நின்றார்கள். சாட்சிக்கு ஆள் இல்லாத 8,586 மீட்டர் உயரத்தில், தாங்கள் நம்பாத ஒரு தெய்வத்துக்காகக் கொடுத்த வாக்கு அது. பின்னால் வந்தவர்களில் பலர் இதைப் பின்பற்றினார்கள், எல்லாரும் அல்ல.

பிறருடைய நம்பிக்கை நம்மைக் கட்டுப்படுத்துமா? இந்தக் கேள்வி உண்மையாகவே மோதலான இடம் ஆஸ்திரேலியாவின் உளுரு. பாலைவனச் சமவெளியின் நடுவே 348 மீட்டர் உயரத்துக்கு எழும் ஒரே செம்பாறை. சிவப்பு வேறொன்றும் இல்லை, பாறையில் உள்ள இரும்பு துருப்பிடித்த நிறம். அதன் பாரம்பரிய உரிமையாளர்களான பழங்குடியினர் தங்களை 'அணங்கு' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் மக்கள் என்று பொருள். நம் சங்க இலக்கியத்தில் மலையில் உறையும் தெய்வ சக்திக்கும் அணங்கு என்றே பெயர். ஒலி ஒற்றுமை தற்செயலானது. இதை வைத்து யாரும் அடுத்த இதழுக்குக் குமரிக்கண்டக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்!

1873-இல் அங்கு வந்த நில அளவையாளர் வில்லியம் காஸ் அதற்கு ஏயர்ஸ் ராக் என்று பெயர் வைத்தார். சுற்றுலா வளர்ந்தது. 1964-இல் செங்குத்தான சரிவில் பிடித்து ஏறச் சங்கிலி போட்டார்கள். அந்த வழி, மாலா என்னும் தங்கள் ஆதி முன்னோர் நடந்த வழி என்பது அணங்கு மக்களின் மரபு. வருகிறவர் தங்கள் விருந்தினர், அவருக்கு அடிபட்டால் பொறுப்பும் துக்கமும் தங்களுடையவை என்பதும் அவர்கள் மரபு. ஏறும்போது இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல். காலடித் தேய்மானத்தால் பாறையில் வெள்ளைக் கோடு விழுந்தது. உச்சியில் கழிப்பறை கிடையாது. மழை பெய்தால் அங்குள்ள அசுத்தமெல்லாம் அடிவாரத்து நீர்ச்சுனைகளில் இறங்கும்.

1985 அக்டோபர் 26 அன்று நிலம் அணங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. அவர்கள் அதை அரசுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஏறுவதற்குத் தடை வரவில்லை. தயவுசெய்து ஏறாதீர்கள் என்று பலகை வைத்து வேண்டிக்கொண்டார்கள். ஏறுகிறவர்கள் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது முற்றிலும் நிறுத்தப்பட்டது. கடைசி நாட்களில், மூடுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று நீண்ட வரிசை நின்றது. பாதி விலைத் துணிக்கடை வாசல் மாதிரி. சங்கிலியை எடுத்துவிட்டார்கள். அடிவாரத்தைச் சுற்றும் சுமார் 10 கிலோமீட்டர் பாதை திறந்தே இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு. ஒடிசாவின் நியமகிரி, டோங்ரியா கோண்டு மக்களின் நியமராஜா என்ற தெய்வம் வாழும் மலை. உச்சியில் மரம் வெட்டுவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. அந்த உச்சியில்தான் பாக்சைட் படிவம் இருக்கிறது. அலுமினிய ஆலைக்காக அதை வெட்டி எடுக்கத் திட்டம் வந்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.

நுண்துளைகள் நிறைந்த பாக்சைட் அடுக்கு மழை நீரைக் குடித்து வைத்து, ஆண்டு முழுவதும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இதைக் கேட்டதும் நம் நண்பர்கள், 'அந்தக் காலத்திலேயே விஞ்ஞானம் தெரிந்து வைத்திருந்தார்கள்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர்த் தொட்டி என்பதற்காக அவர்கள் அந்த மலையைக் கும்பிடவில்லை. தண்ணீர்க் காரணத்துக்கு விலை உண்டு. வேறு இடத்தில் அணை கட்டித் தருகிறோம் என்று ஒரு பொறியாளன் நாளைக்கே வரைபடம் நீட்டுவான், நானே நீட்டியிருப்பேன். 'இது எங்கள் ராஜா' என்று சொல்கிறவனிடம் நீட்ட ஒரு வரைபடமும் கிடையாது.

அண்ணாமலையிலோ, முடியை மிதிக்கத் தயங்கிய நாமே அடியில் விட்டுவைக்கவில்லை. வீடுகள் சரிவின் மேல் ஏறிக்கொண்டே போயின. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் ஊறிய மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்ததில், குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தளர்ந்த மண்ணில் பதிந்த உருண்டைப் பாறைக்கு மழை நீரே எமன் என்பதை, மலைப் பாதையில் வேலை செய்த எந்தக் கேங்மேனும் சொல்வார். வல்லுநர்கள் வந்து மலையைப் பார்வையிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று வந்த கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையையும் நெய்யையும் எடுத்துச் சென்ற தீபப் பணியாளர்கள் மட்டும் ஏறினார்கள். மாலையில் உச்சியில் தீபம் எரிந்தது. கீழே ஜனங்கள் வழக்கம்போல மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.