மஞ்சள் ஏன் சிவக்கிறது?

மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை சிவந்துவிடும். நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும். மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் ஆரத்தி சிவப்பதும் இதே காரணத்தால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின், காரத்தோடு சேரும்போது தன் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதனால் அது உட்கவரும் ஒளி மாறி, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் இழந்ததைத் திரும்பப் பெற்று மறுபடி மஞ்சளாகிறது. "ஏன் சிவக்கிறது?" என்று கேட்கும் மாணவிக்கு இந்த விளக்கத்தைச் சொன்னதும் கடமை முடிந்தது என்று பெரியவர்கள் நினைக்கிறோம். அவளுடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது. எல்லாச் சோப்பும் சிவக்கவைக்குமா? ஷாம்பூ? சமையல் சோடா? அடுப்புச் சாம்பல் கரைத்த நீர்? கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துத் தயாரித்த சோப்பு சிவக்கவைக்கும். பல ஷாம்பூக்கள் லேசான அமிலத்தன்மை கொண்டவை என்பதால் சிவக்கவைப்பதில்லை. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் தடவிக் காயவைத்த ஒரு துண்டுக் காகிதம் போதும். அன்றாட வேதியியல் கேள்விகளின் மதிப்பு அவை சுவையானவை என்பதில் இல்லை. விடையைக் கேட்டவரே சரிபார்த்துக்கொள்ள முடியும் என்பதில்தான் இருக்கிறது.

சமையலறையில் பிறந்த கேள்வி சமையலறையோடு நின்றுவிட வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கல்ஸ் 1862-இல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. வீட்டு வேலைகளைக் கவனித்துவந்த அவர், நீரின் மேற்பரப்பில் எண்ணெயும் அழுக்கும் படியும்போது அதன் இழுவிசை எப்படி மாறுகிறது என்று இளம் வயதிலேயே ஆராயத் தொடங்கினார். ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய தகரப் பட்டை, விசையை அளக்க ஒரு சிறு தராசு ஆகியவையே அவருடைய ஆய்வுக்கூடம். 1891-இல் தன் முடிவுகளை ஆங்கில இயற்பியலாளர் ரேலேவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலங்களை ஆராய்ந்து 1932-இல் வேதியியல் நோபல் பெற்ற இர்விங் லாங்மியூர் பயன்படுத்திய தொட்டியின் மூலவடிவம் போக்கல்ஸின் தகரத் தொட்டிதான். கேள்வியை மேலே கொண்டுபோனது அவருடைய அளவீடு. வியப்போடு நின்றிருந்தால் அது வெறும் வியப்பாகவே முடிந்திருக்கும்.

கேட்கும் கேள்விக்கு ஆசிரியரிடமே விடை இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான தயக்கம். இன்றைய தான்சானியாவில் 1963-இல் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்யும்போது, சூடான பால் கலவை ஆறிய கலவையை முந்திக்கொண்டு உறைவதைக் கண்டார். ஆசிரியர் அதை நம்பவில்லை. பின்னாளில் வகுப்புத் தோழர்களும் கேலி செய்தார்கள். பள்ளிக்கு வந்த பல்கலைக்கழக இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்பார்ன் மட்டும் அதைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார், சொன்னபடி செய்தார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. அந்த விளைவு எப்போதும் நிகழ்கிறதா, அளக்கும் முறையால் தோன்றுவதா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மாணவர் கண்டது முழுக்கச் சரியா என்பது இன்னும் முடிவாகாத நிலையிலும், ஆஸ்பார்ன் செய்தது சரி என்பதில் ஐயமில்லை. "தெரியவில்லை, செய்து பார்ப்போம்" என்று சொல்லும் ஆசிரியர் அறிவியலின் நடைமுறையையே கற்றுக்கொடுக்கிறார்.

பாடத்திட்டம் முடியாது, தேர்வு நெருங்குகிறது என்பது அடுத்த மறுப்பு. ஆசிரியர்களின் நெருக்கடி உண்மையானது. ஆனால் அமிலம், காரம், கடின நீர் எல்லாம் ஏற்கெனவே பாடத்தில் இருப்பவைதாமே. ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்று மாணவர் கேட்டால், சம அளவு கிணற்று நீரையும் மழைநீரையும் இரண்டு பாட்டில்களில் ஊற்றி, ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கி, நுரையின் உயரத்தை அளவுகோலால் அளக்கச் சொல்லலாம். நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத திட்டாக ஒதுங்குகின்றன என்று அதன்பின் சொன்னால், அது மனப்பாடம் செய்த வரியாக இருக்காது. கண்ணால் பார்த்ததற்கான காரணமாக இருக்கும். செல்பேசியில் தேடினால் நொடியில் விடை கிடைக்குமே என்போருக்கும் இதுவே பதில். விடை கிடைக்கும், அது சரியா என்று தீர்மானிக்கும் பயிற்சி அங்கே கிடைக்காது. தவறான தகவல் மலிந்த காலத்தில் அந்தப் பயிற்சிதான் பெரிய தேவை.

ஆபத்து பற்றிய அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. கழிப்பறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் பல வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிவரும். ஆகவே எதைச் செய்து பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதைப் பெரியவர்கள்தான் வரையறுக்க வேண்டும். ஆனால் கேள்வியையே தடுத்துவிட்டால் ஆபத்து குறையாது, அறியாமைதான் கூடும். எவை சேர்ந்தால் நஞ்சாகும் என்று காரணத்தோடு அறிந்த பிள்ளை, வீட்டிலுள்ள பெரியவர்களையும் எச்சரிக்கும்.

பள்ளிகள் இதற்காகப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வாங்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை மாணவர்களின் கேள்விகளுக்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் "நீ என்ன நினைக்கிறாய், அதை எப்படிச் சோதிப்பாய்?" என்று கேட்கலாம். கிடைத்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் அதையும் அப்படியே குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, அந்த நேர்மைக்கு மதிப்பெண் தரலாம். இப்படிப் பழகிய எல்லோரும் வேதியியலாளர்கள் ஆகப்போவதில்லை. ஆனால் நாளைக்கு ஒரு மருந்து விளம்பரத்தையோ குடிநீர் குறித்த வதந்தியையோ எதிர்கொள்ளும்போது, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் குடிமக்களாக அவர்கள் இருப்பார்கள். அறிவியல் பாடத்தால் ஒரு சமூகம் பெறக்கூடிய முதல் பயன் அதுதான்.