வட்டிக்கு 20 பைசாவா, 25 பைசாவா?

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரை முடிந்த கையோடு ஒரு வட்டப்படம் தொலைக்காட்சிக்கு வந்துவிடும். ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டும் படம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடர்ந்து எட்டாவது முறையாகத் தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டில் அந்த ரூபாய் இப்படி வந்தது: கடன் 24 பைசா, வருமான வரி 22, ஜிஎஸ்டி 18, கம்பெனி வரி 17, வரியல்லாத வருவாய் 9, கலால் 5, சுங்கம் 4, இதர மூலதன வரவு 1. போன வழியில் முதலிடம் மாநிலங்களின் வரிப் பங்குக்கு, 22 பைசா. அடுத்தது வட்டி, 20 பைசா.

இந்த 20 பைசாவில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஆண்டுக்கு மதிப்பிட்ட மத்திய அரசின் மொத்தச் செலவு 50,65,345 கோடி ரூபாய். அதில் வட்டி 12,76,338 கோடி. வகுத்துப் பார்த்தால் 25 பைசா வருகிறது. மீதி 5 பைசா எங்கே மறைந்தது? படத்தில் இருக்கும் ரூபாய் 50.65 லட்சம் கோடியைக் குறிப்பதல்ல. மாநிலங்களுக்குப் பிரித்துத் தர வேண்டிய 14.22 லட்சம் கோடியையும் கூட்டி, 64.87 லட்சம் கோடியை ஒரு ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். அந்த 14.22 லட்சம் கோடி மத்திய அரசின் செலவுக் கணக்கிலேயே வராத பணம். அதையும் சேர்த்து வகுத்தால் எல்லா விகிதமும் சிறுத்துத்தானே தெரியும்? கடனும் அப்படித்தான். படத்தில் 24 பைசா, மத்திய அரசின் சொந்தச் செலவோடு ஒப்பிட்டால் 31 பைசா. கணக்கில் பிழை இல்லை. ஆனால் பார்க்கிறவர் மனதில் பதிவது சின்ன எண்.

வட்டியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 12,76,338 கோடியை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,497 கோடி. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் எதுவும் விதிவிலக்கில்லை. மாநிலப் பங்கு போக மத்திய அரசின் கையில் நிற்கும் வரி வருவாய் 28.37 லட்சம் கோடி. அதில் 45 சதவீதம் வட்டிக்கே சரி. சாலை, ரயில், துறைமுகம் என்று பெருமையாகச் சொல்லப்படும் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி, வட்டியைவிடக் குறைவு. ராணுவ ஓய்வூதியத்தையும் சேர்த்த பாதுகாப்புச் செலவு 6.81 லட்சம் கோடி, வட்டியில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது.

அந்த ஆண்டுக்கு மதிப்பிட்ட நிதிப் பற்றாக்குறை, அதாவது வாங்க வேண்டிய கடன், 15,68,936 கோடி. வட்டியைக் கழித்தால் மிஞ்சுவது 2,92,598 கோடிதான். புதுக்கடனில் 81 சதவீதம் பழைய கடனின் வட்டிக்குப் போகிறது. ஒரு குடும்பம் இப்படி நடத்தினால் ஊரே பேசும். ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கொரோனா ஆண்டான 2020-21இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டிய பற்றாக்குறை, இந்த பட்ஜெட்டில் 4.4 சதவீதமாக மதிப்பிடப்பட்டது. இறங்குமுகம் உண்மை. வட்டி மட்டும் இறங்கவில்லை.

இனி எல்லோரும் பேசிய விஷயம், 12 லட்சம். '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற வாசகம் பாதி உண்மை. புதிய முறையில் வரியே இல்லாத அடுக்கு 4 லட்சம்தான். 4-8 லட்சத்துக்கு 5 சதவீதம், 8-12க்கு 10, 12-16க்கு 15, 16-20க்கு 20, 20-24க்கு 25, அதற்கு மேல் 30. 12 லட்சம் வருமானத்துக்கு அடுக்குப்படி 60,000 ரூபாய் வரி வரும். அதை அப்படியே தள்ளுபடி செய்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்ந்து 12.75 லட்சம் ஆகிறது. கழிவெல்லாம் போக 12,10,000 ரூபாய் என்றால்? அடுக்குப்படி 61,500, விளிம்பு நிவாரணத்தால் கட்டுவது 10,000. பங்கு விற்ற லாபம் போல தனி விகிதத்தில் வரி போடப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. வீட்டுக்கடன், எல்ஐசி என்று பழைய முறையிலேயே நிற்பவர்களுக்கு இந்த மாற்றத்தால் ஒரு பைசா லாபமில்லை.

யாருக்கு எவ்வளவு மிச்சம்? செஸ்ஸையும் சர்சார்ஜையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 12 லட்சக்காரர் முன்பு கட்டியது 80,000, இப்போது பூஜ்யம். 16 லட்சக்காரருக்கு மிச்சம் 50,000. 24 லட்சக்காரர் 4,10,000 கட்டிய இடத்தில் 3,00,000 கட்டுகிறார், மிச்சம் 1,10,000. ஒரு கோடி சம்பாதிப்பவருக்கும் அதே 1,10,000. நடுத்தர வர்க்கத்துக்கான சலுகை என்றே இது பேசப்பட்டது. ஆனால் ரூபாய்க் கணக்கில் அதிக மிச்சம் உச்சியில் இருப்பவருக்குத்தான்.

இந்தச் சலுகையால் விட்டுக்கொடுக்கும் வரி சுமார் 1 லட்சம் கோடி என்று நிதியமைச்சரே சொன்னார். அதே பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. முந்தைய ஆண்டும் அதே 86,000 கோடிதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த வேலையின் தினக்கூலி 319இலிருந்து 336 ஆனது. கூலி 5 சதவீதம் ஏறி, ஒதுக்கீடு நின்ற இடத்தில் நின்றால் வேலைநாள் குறையத்தான் செய்யும். உணவு மானியம் 2,03,420 கோடி என்பது கேட்கப் பெரிய தொகை. இலவச தானியம் பெறும் சுமார் 81 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்.

இவ்வளவு வரிச் சலுகைக்குப் பிறகும் வருமான வரி வசூல் 12.57 லட்சம் கோடியிலிருந்து 14.38 லட்சம் கோடியாக, 14 சதவீதத்துக்கு மேல் உயரும் என்று போட்டிருந்தார்கள். பொருளாதாரம் விலைவாசியோடு சேர்த்து வளர்வதாகக் கணித்ததோ 10.1 சதவீதம். துணிச்சலான மதிப்பீடு.

சோப்பு, சீப்பு விலை ஏறுமா என்று பட்ஜெட்டைப் பார்த்த காலம் ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையோடு போயிற்று. அந்த முடிவு இப்போது ஜிஎஸ்டி கவுன்சிலிடம். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் போய் 5, 18, 40 என்று மாறியதும் பட்ஜெட்டுக்கு வெளியில்தான்.

மாநிலப் பங்கிலும் ஒரு கணக்கு பாக்கி. 15ஆவது நிதிக்குழு சொன்னது 41 சதவீதம். 2025-26 பட்ஜெட்டின் மொத்த வரி 42.70 லட்சம் கோடியில் மாநிலங்களுக்குப் போகும் 14.22 லட்சம் கோடி, 33.3 சதவீதம். செஸ்ஸும் சர்சார்ஜும் பங்கிடப்படுவதில்லை என்பதே முக்கியக் காரணம். அந்த ஆண்டில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது, ரூபாயில் 58,022 கோடி.

கடைசியாக, ஒதுக்கீடு என்பது செலவு அல்ல. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25இல் அறிவித்தது 70,163 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. மறுபடி 2025-26க்கு 67,000 கோடி என்று அறிவிப்பு. அடுத்த பிப்ரவரியில் பட்ஜெட் அட்டவணையில் புதிய ஆண்டுக்கான பத்தியை மட்டும் படிக்காதீர்கள். அதற்கு இடப்பக்கம் இருக்கும் 'திருத்திய மதிப்பீடு' பத்தியை முதலில் படியுங்கள்.