ஜாஸ் பியானோவும் காணொளிப் பாடமும்

ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது மெட்டு. பல ஒலிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தால் அதனை ஒத்திசை என்கிறோம். மேனாட்டார் ஹார்மனி என்பர். நம் நாட்டிசை முதல் வகையில் வியத்தகு நுட்பங்களைக் கண்டது. மேனாட்டிசை இரண்டாம் வகையில் பல நூற்றாண்டுகள் உழைத்தது. அந்த ஒத்திசையை மேடையில் வாசிக்கும் பொழுதிலேயே மாற்றியமைக்கும் துணிவைப் பெற்றது ஜாஸ் இசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற இவ்விசையை இன்று கைப்பேசித் திரையிலேயே பயில முடிகிறது.

பியானோ ஆசிரியர் ஒருவரும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு, 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு ஒன்றின் துணையால் நானும் அவ்வாறே பயின்று வருகிறேன். அப்படிக் கற்றவற்றுள் அடிப்படையான ஒரு கருத்தை, மேனாட்டிசை அறியாதவர்க்கும் விளங்கும் வண்ணம் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். ஒரு சுரம் அசையாமல் நிற்க, அதன் அடியில் ஒலிப்பவை மாறினால், அச்சுரத்தின் பொருளே மாறிவிடும் என்பதே அக்கருத்து. இதனைக் காணொளியிலிருந்து எவ்வாறு பெறுவது, காணொளியால் பெற முடியாதது யாது என்பதையும் இறுதியில் காண்போம்.

கிரகபேதம் தரும் திறவுகோல்

கருநாடக இசை பயின்றோர் கிரகபேதம் என்பதை அறிவர். சங்கராபரணத்தின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ரிஷபத்தை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால் கரகரப்ரியா பிறக்கிறது. காந்தாரத்தைக் கொண்டால் தோடியும், மத்யமத்தைக் கொண்டால் கல்யாணியும், பஞ்சமத்தைக் கொண்டால் ஹரிகாம்போஜியும், தைவதத்தைக் கொண்டால் நடபைரவியும் தோன்றுகின்றன. சுரங்களில் ஒன்றுகூட மாறவில்லை. எதை அடியாகக் கொண்டோம் என்பது மட்டுமே மாறியது. ஆயினும் கல்யாணியின் ஒளியும் தோடியின் உருக்கமும் வேறு வேறு அல்லவா?

நம் கச்சேரியில் தம்பூராவின் ஸட்ஜமும் பஞ்சமமும் தொடக்கம் முதல் இறுதி வரை அசையாமல் ஒலிக்கும். ஆதலின் கிரகபேதம் எப்போதேனும் வித்துவான் காட்டும் அரிய வித்தையாக அமைகிறது. ஜாஸ் இசையிலோ அடி ஓயாது நடந்துகொண்டே இருக்கும். ஓரிரு தாளச் சுற்றுக்கு ஒரு முறை அது மாறும். மேலே செல்லும் மெட்டு ஒவ்வொரு முறையும் புதிய பொருள் பெறும். ஹார்மனியை அணுகுவதற்கு நமக்கு ஏற்ற வாயில் இதுவே என்பது என் கருத்து.

சுரக்கூட்டு

ஆர்மோனியத்தில் நாம் ஒரு கட்டை என்று சொல்லும் வெள்ளைக் கட்டையை மேனாட்டார் சி என்பர். இரண்டு கட்டை டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. கறுப்புக் கட்டைகளில் நாலரைக் கட்டையை எஃப் ஷார்ப் என்றோ ஜி ஃபிளாட் என்றோ அழைப்பர். ஐந்தரைக் கட்டை ஏ ஃபிளாட் எனப்படும். ஒரு ஸ்தாயியில் ஆக மொத்தம் 12 கட்டைகள். அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தொலைவு அரைச் சுரம்.

ஒரு சுரவரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகச் சுரங்களை எடுத்து ஒருங்கே ஒலித்தால் கிடைப்பது 'கார்டு'. இதனைச் சுரக்கூட்டு என்று வழங்குவோம். பழைய மேனாட்டிசையில் மூன்று சுரங்கள் பெரும்பாலும் போதும். ஜாஸ் இசையில் நான்குக்குக் குறைவது அரிது. ஏ, சி, ஈ, ஜி என்னும் நான்கும் சேர்ந்தால் ஏ மைனர் 7. டி, எஃப் ஷார்ப், ஏ, சி சேர்ந்தால் டி 7. ஜி, பி, டி, எஃப் ஷார்ப் சேர்ந்தால் ஜி மேஜர் 7. ஒவ்வொரு கூட்டிலும் முதலில் நிற்பது அதன் மூலம். மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமுமே கூட்டின் குணத்தை உணர்த்துவன.

ஆர்மோனியம் இருப்பவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மேல் ஸ்தாயியில் உள்ள சி கட்டையைச் சிறுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அதன் கீழுள்ள ஏ, எஃப், டி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துக. ஏ கட்டையோடு சேரும்போது அதே சி மெல்லிய ஏக்கம் காட்டும். அங்கே அது மூன்றாம் சுரம். எஃப் கட்டையோடு சேரும்போது அமைதியாக நிற்கும். அங்கே ஐந்தாம் சுரம். டி கட்டையோடு சேரும்போது, சொல்ல வந்ததை முடிக்காதவர் போலத் தவிக்கும். அங்கே ஏழாம் சுரம். விரல் ஒன்று அசையவே இல்லை. அது சொல்லும் செய்தி மட்டும் மூன்று முறை மாறிவிட்டது.

மூன்று கூட்டுகளின் நடை

ஜாஸ் பாடல்களில் அடிக்கடி வரும் நடை ஒன்று உண்டு. ஒரு மேஜர் வரிசையின் இரண்டாம் சுரத்தில் எழும் கூட்டு, பின்னர் ஐந்தாம் சுரத்தின் கூட்டு, முடிவில் முதற் சுரத்தின் கூட்டு. இதனை இரண்டு–ஐந்து–ஒன்று என்பர். ஜி வரிசையில் ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7 ஆகிய மூன்றுமே அந்நடை. புறப்படுதல், தவித்தல், வீடு சேர்தல் என்று இதனைக் கொள்ளலாம்.

இந்நடையின் உள்ளே நிகழும் சிக்கனம் வியப்புக்குரியது. ஏ மைனரின் மூன்றாம் சுரம் சி, ஏழாம் சுரம் ஜி. டி 7 வரும்போது சி நகர்வதில்லை; இருந்த இடத்திலேயே ஏழாம் சுரமாகிவிடுகிறது. ஜி மட்டும் அரைச் சுரம் இறங்கி, எஃப் ஷார்ப் ஆகி, மூன்றாம் இடத்தை ஏற்கிறது. ஜி மேஜர் 7 வரும்போது எஃப் ஷார்ப் அசையாமல் ஏழாம் சுரமாக நிற்க, சி அரைச் சுரம் இறங்கிப் பி ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்று நிற்கிறது; ஒன்று ஒரு படி இறங்குகிறது. மூலச் சுரங்கள் கீழே பெரிய தாவல்களாகத் தாவினாலும், உள்ளே இருக்கும் விரல்கள் மயிரிழை அளவே நகர்கின்றன.

பாரிசில் வாழ்ந்த ஜோசப் கோஸ்மா இசையமைத்து, 1946 ஆம் ஆண்டு பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றின் வழியாகப் பரவி, ஆங்கிலத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' எனப் பெயர் பெற்ற பாடல் இந்நடைக்குத் தக்க சான்றாகும். அதன் முதற் பகுதியில் நீண்டு நிற்கும் சுரங்களைக் கவனித்தால், முதல் நெடுஞ்சுரம் சி. அது ஏ மைனர் 7 மேல் மூன்றாம் சுரமாகத் தொடங்கி, டி 7 மேல் ஏழாம் சுரமாக முடிகிறது. அடுத்த நெடுஞ்சுரம் பி. ஜி மேஜர் 7 மேல் மூன்றாவது, சி மேஜர் 7 மேல் ஏழாவது. மெட்டு ஓய்ந்து நிற்பதாக நாம் எண்ணும் இடத்தில்தான் அடித்தளம் வேலை செய்கிறது. ஜாஸ் கலைஞர்கள் இப்பாடலை விடாது வாசித்து வருவதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனலாம். 1958 இல் கேனன்பால் ஆடர்லி மைல்ஸ் டேவிசுடன் பதிவு செய்ததும், 1959 இல் பியானோக் கலைஞர் பில் எவான்ஸ் தம் மூவர் குழுவுடன் பதிவு செய்ததும் கேட்டு இன்புறத்தக்கவை.

மறு இசைவு

மெட்டை மாற்றாமல், அதன் அடியிலுள்ள சுரக்கூட்டுகளை மட்டும் மாற்றி அமைப்பதே ரீஹார்மனைசேஷன். தமிழில் மறு இசைவு எனலாம். மேற்சொன்ன நடையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

டி 7 கூட்டின் தவிப்புக்குக் காரணமானவை எஃப் ஷார்ப், சி என்னும் இரு சுரங்கள். அவற்றுக்கு இடையே ஆறு அரைச் சுரங்கள் உள்ளன. அதாவது ஸ்தாயியின் சரி பாதி. பாதி என்பதால் கீழிருந்து மேலே எண்ணினாலும் ஆறு. தலைகீழாக்கி எண்ணினாலும் ஆறு. எனவே அதே இரு சுரங்கள் வேறொரு கூட்டிலும் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமுமாக அமைய இயலும். அக்கூட்டுதான் ஏ ஃபிளாட் 7. அதில் சி மூன்றாவது. எஃப் ஷார்ப் என்னும் அதே கட்டை ஜி ஃபிளாட் என்ற பெயரில் ஏழாவது. டி 7 இருந்த இடத்தில் ஏ ஃபிளாட் 7 வைத்தால், அடியில் ஏ, ஏ ஃபிளாட், ஜி என அரை அரைச் சுரமாகப் படியிறங்கும். மேலே நீண்டு நிற்கும் சி எவ்விதக் குறையுமின்றிப் பொருந்தும். ஏழாம் சுரமாக இருந்தது மூன்றாம் சுரமாக மாறி, புதிய நிழல் ஒன்றைப் பெறும்.

பார்வை மிகக் குறைந்தவராயிருந்த ஆர்ட் டேட்டம் (1909–1956) மக்களறிந்த பாடல்களை இத்தகைய மாற்றுக் கூட்டுகளால் அலங்கரித்துக் கேட்டோரைத் திகைக்க வைத்தார். ஜான் கோல்ட்ரேன் இன்னும் தொலைவு சென்றார். 1960 இல் வெளிவந்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தொகுப்பின் தலைப்புப் பாடலில் பி, ஜி, ஈ ஃபிளாட் என்னும் மூன்று ஆதாரங்களுக்கிடையே இசை விரைந்து சுழலும். 12 கட்டைகளை நான்கு நான்காகப் பகுத்தால் கிடைக்கும் மூன்று இடங்கள் அவை. மறு இசைவில் கணக்கு உண்டு. ஆயினும் கணக்கின் நோக்கம் பழகிய மெட்டைப் புதிதாகக் கேட்கச் செய்வதே.

உருளையிலிருந்து திரைக்கு

காணொளியில் கற்பது ஏதோ இக்காலத்துக் குறுக்குவழி என்று சிலர் கருதுவர். அவ்வாறு கருதுதற்கில்லை. துளையிட்ட காகித உருளையால் தானே இயங்கும் பியானோக்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தன. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டியூக் எலிங்டன் தம் இளமையில், ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' உருளையை மெதுவாக ஓடவிட்டு, தாழும் கட்டைகளின் மேல் தம் விரல்களை வைத்து அதனைக் கற்றார். இன்று திரையில் ஒளிரும் கட்டைகளைப் பார்த்து நாம் விரல் வைப்பதும் அதுவே அன்றோ? பின்வந்தோர் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் செவியால் கற்றனர்.

2005 இல் யூடியூப் தோன்றிய பின் இவ்வாய்ப்பு பல மடங்காகப் பெருகியது. டெட்ராய்ட் நகரில் பிறந்த பேரி ஹாரிஸ் (1929–2021) முதுமை வரை நடத்திய வகுப்புகளின் பதிவுகளை இன்று எவரும் காணலாம். மேஜர் வரிசையில் ஒரு சுரத்தைக் கூட்டி எட்டுச் சுரங்களாக்கினால், ஒன்று விட்டு ஒன்று வீட்டுக் கூட்டாகவும் நகரும் கூட்டாகவும் மாறி மாறி அமையும் என்பது அவர் போதித்த எளிய, ஆழமான பாடம். பாஸ்டன் நகரில் 1945 முதல் இயங்கிவரும் பெர்க்லீ போன்ற இசைக் கல்லூரிகளின் வாயிலில் நின்று பார்க்கும் வசதிகூட இல்லாத மாணவர்க்கு, இத்தகைய வகுப்பில் ஓர் இடம் கிடைத்திருப்பது சிறிய செய்தியன்று.

பயிலும் முறை

ஆயினும் திரைக்கு ஒரு குணம் உண்டு. பிறர் விரல்கள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க, நமக்கே அது கைவந்துவிட்டது போன்ற நிறைவு தோன்றும். ஒளிரும் கட்டை எதை அழுத்துவது என்று காட்டுமே ஒழிய, ஏன் என்று காட்டாது. நம் மணிக்கட்டு இறுகியிருப்பதையும் தாளம் தளர்வதையும் திரை கண்டு சொல்லாது. அதற்கு ஆசிரியரோ, உடன் வாசிக்கும் நண்பரோ வேண்டும். செவிக்கான பயிற்சியை மட்டும் நாமே செய்துகொள்ள முடியும். நான் கைக்கொள்ளும் முறை இது:

முதலாவது, பத்து விநாடிக்கு மேற்படாத ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டல். இரண்டாவது, அப்பகுதியில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் சுரத்தை வாய்விட்டுப் பாடுதல். சுரம் பாடிப் பழகியவர்க்கு இது எளிதில் வரும். மூன்றாவது, பாடியதைக் கட்டையில் தேடி எடுத்து, அதன் மேல் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் வைத்துப் பார்த்தல். நான்காவது, இவற்றுக்குப் பின்னரே கண்ணைத் திறந்து திரையோடு ஒப்பிடுதல். சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓட்டும் வசதி இதற்கு உதவும். ஐந்தாவது, கற்றதை மீதமுள்ள 11 கட்டைகளிலும் வாசித்தல். இம்முறையில் ஒரு காணொளியை முடிக்க ஒரு வாரம் ஆகும். வாரத்தில் முப்பது காணொளிகள் பார்ப்பதினும் இவ்வொன்று மேலானது.

முடிவுரை

ஒரு சுரத்தின் பொருள் அச்சுரத்தில் மட்டும் இல்லை. அது எதன் மேல் நிற்கிறது என்பதிலும் இருக்கிறது என்று கண்டோம். கிரகபேதம் அறிந்த நம் செவிகளுக்கு இவ்வுண்மை அயலானதன்று. வசதி படைத்தோர்க்கும் பெருநகரத்தார்க்கும் மட்டுமே உரியதாயிருந்த ஒரு கலையறிவு இன்று நம் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. எத்துணை நல்ல காணொளியாயினும் அதனை நிறுத்திவிட்டுக் கட்டையின் முன் அமரும் நேரத்திலேதான் இசை நமதாகிறது. இசையில் ஆர்வமுள்ள நம் கல்லூரி மாணவ மாணவியர் அடுத்த முறை தமக்குப் பிடித்த பாடலைக் கேட்கும்போது, மெட்டை ஒரு கணம் விட்டுவிட்டு, அடியில் ஒலிக்கும் சுரம் எங்கே நடக்கிறது என்று செவிசாய்த்துப் பார்ப்பார்களாக. அங்கே ஒரு புதிய பாடல் காத்திருக்கும்.