படம் பிடித்த இடம் – 5: ஒரு படம், மூன்று ஊர்

மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) படத்தில் ‘உயிரே’ பாடல் ஒலிக்கும் கடற்கரைக் கோட்டை, கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் உள்ள பேக்கல். ‘கண்ணாளனே’ பாடலில் வரும் பிரம்மாண்டமான தூண்கள் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் நிற்பவை. கலவரம் மூளும் பம்பாய்த் தெருக்களோ பம்பாயைச் சேர்ந்தவையே அல்ல. சென்னை கிண்டியில் கேம்பா கோலா மைதானத்தில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட் அது. அதே தோட்டா தரணி ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பியிருந்தார். படம் எடுத்த இடத்தைத் தேடிக் கிளம்புகிறவர் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான்: எது மண்ணில் நிற்கிறது, எது படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டது.

செட் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு தேடலை நிறுத்திவிடலாம். விதிவிலக்குகள் குறைவு. ஹைதராபாத் அருகே ராமோஜி பிலிம் சிட்டியில் ‘பாகுபலி’ செட்டைப் பார்வையாளர்களுக்காக விட்டுவைத்தார்கள். நியூசிலாந்தின் மட்டமட்டா அருகே ஹாபிட் ஊரை இரண்டாம் முறை கட்டியபோது நிரந்தரமாக நிற்கும்படியே கட்டினார்கள். இவை சுற்றுலாத் தொழிலாக நடப்பவை. டிக்கெட் எடுத்தால் போதும், திட்டமிட அதிகம் இல்லை.

நிஜமான இடங்களில்தான் சிக்கல். கதை நடக்கும் ஊரும் படம் பிடித்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ரோஜா’ (1992) காஷ்மீர்க் கதை. அப்போது அங்கிருந்த நிலைமையால் காஷ்மீர்க் காட்சிகளைக் குன்னூர், ஊட்டி, மணாலியில் எடுத்தார்கள். தமிழ்க் கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம் என்று கொண்டாடப்படும் ‘16 வயதினிலே’ (1977) எடுக்கப்பட்டது கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பக்கம். படத்தின் நாயகி மயிலின் ஊரைத் தேனி மாவட்டத்தில் தேடுகிறவர் பேருந்துக் கட்டணத்தை வீணாக்குகிறார்.

இடத்தை உறுதி செய்யப் படத்தின் தொடக்கத்தில் வரும் நன்றி அட்டை நல்ல துணை. எந்த மாவட்ட நிர்வாகம், எந்த வனக்கோட்டம், எந்தக் கோயில், எந்தக் குடும்பம் இடம் கொடுத்தது என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். அடுத்தது இயக்குநர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர் மூவரின் பேட்டிகள். பழைய பேட்டிகளைப் படிக்கும்போது மாவட்டப் பெயர்களில் கவனம் தேவை. ‘ரோஜா’வின் கிராமமாக வரும் சுந்தரபாண்டியபுரம் அன்று நெல்லை மாவட்டம், 2019-க்குப் பின் தென்காசி மாவட்டம்.

இடம் உறுதியானதும் அடுத்த கேள்வி: அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது? நடைமுறையில் பயணத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். பேக்கல் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை, ஏறத்தாழ 40 ஏக்கர். கைபேசியில் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. முக்காலி, தொழில்முறைப் படப்பிடிப்பு, ட்ரோன் என்றால் முன் அனுமதி வேண்டும். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ‘வருஷம் 16’ படத்தின் கூட்டுக் குடும்ப வீடான பத்மநாபபுரம் அரண்மனை இன்னும் விசித்திரம்: கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நின்றாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை. நாகர்கோவில் வரை வந்து, மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

வனத்துறையின் பொறுப்பில் உள்ள இடங்களில் கதை வேறு. இதற்குக் கொடைக்கானலின் குணா குகையை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1821-இல் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி குறித்துவைத்த இந்தக் குகைக்கு ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர். சந்தான பாரதி இயக்கிய ‘குணா’ 1991-இல் வந்த பிறகு பழைய பெயர் வழக்கொழிந்தது. பாறைகளுக்கு நடுவே குறுகலாகத் தொடங்கி ஆழத்துக்கு இறங்கும் வெடிப்புகள் கொண்ட இடம் அது. உள்ளே விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் வனத்துறை குகைக்குள் போவதைத் தடை செய்து கம்பிவேலி போட்டது. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் குழிக்குள் விழ, நண்பர் ஒருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார். அந்தச் சம்பவம்தான் 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆனது.

படம் ஓடியதும் கொடைக்கானலில் கூட்டம் பெருகியது. வந்தவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம், திரையில் கண்ட குகையின் உட்புறம் கொடைக்கானலில் இல்லை என்பது. கேரளத்தின் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் செட் போட்டு அதை எடுத்தார்கள். ஆக, நிஜக் குகைக்குள் போக முடியாது. படத்தில் பார்த்த குகை அங்கே கிடையாது. காணக் கிடைப்பது வேலி, பாறை விளிம்பு, தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும் சோலை மரங்களின் வேர்கள். வேர்கள் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் குணா குகைக்காகவே மலை ஏறுவது ஏமாற்றத்தில் முடியும். தூண் பாறை, மோயர் பாயின்ட், பைன் காடு எல்லாம் அதே சாலையில் இருப்பதால், அந்தச் சுற்றில் அரை மணி நேரம் ஒதுக்குவது போதும். வேலியைத் தாண்டிப் போய் ரீல்ஸ் எடுப்பது வன உயிரினச் சட்டங்களின்படி வழக்காகும். செய்தவர்கள் மாட்டியும் இருக்கிறார்கள்.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது இது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் செல்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதிரப்பள்ளி அருவி இன்னொரு வகை. ‘புன்னகை மன்னன்’ (1986) வந்த நாளிலிருந்து தமிழர்கள் பலருக்கு அது புன்னகை மன்னன் அருவி. ஏறத்தாழ 80 அடி உயரம். அருவியின் தலைப்பகுதியில் விளிம்புக்குப் போகவிடாமல் காவல் உண்டு. சாலக்குடி ஆற்றின் மேற்பகுதியில் அணை இருப்பதால் நீர்வரத்து மழையை மட்டும் பொறுத்ததல்ல. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. கோடையிலோ வெறும் பாறைதான் அதிகம் தெரியும். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை போவது உத்தமம். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக இறங்கும் காட்டுச் சாலை அழகானது. இரவில் சோதனைச்சாவடி மூடிவிடும் என்பதால் பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

பருவம் தவறினால் இடமே மாறிவிடும் ஊர்களும் உண்டு. சுந்தரபாண்டியபுரத்தில் ‘அந்நியன்’ (2005) பாடலுக்காக வண்ணம் தீட்டிய பாறைகளை எந்த மாதத்திலும் பார்க்கலாம். சூரியகாந்தி வயலோ ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே; அதுவும் அந்த ஆண்டு விவசாயிகள் விதைத்திருந்தால். குற்றால சீசனும் அதே சமயம் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். வயல் ஒருவரின் பிழைப்பு. வரப்பில் நின்று படம் எடுப்பதற்கும் செடிகளுக்குள் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் ஊர்க்காரர்களிடம் ஏச்சு வாங்கும்போதுதான் சிலருக்குத் தெரிகிறது. ‘உயிரே’ பாடலின் ஈரமும் அலைச் சீற்றமும் வேண்டுமென்றால் ஜூனுக்குப் பிறகு பேக்கல் போக வேண்டும். டிசம்பரில் போனால் காய்ந்த வெட்டுக்கல் சுவர்களும் அமைதியான கடலும்தான்.

தொலைக்காட்சித் தொடர்களில் தேடிப் போகத் தகுந்தது சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’. ஆர்.கே. நாராயணின் கற்பனை ஊருக்கு உருவம் கொடுத்தது கர்நாடகத்தின் ஆகும்பே. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் மலையூர் அது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை குடை பயன்படாது, அட்டைக்கடி நிச்சயம். தொடரில் வந்த ‘தொட்ட மனெ’ என்னும் பெரிய வீடு இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடு. காட்சிக்கூடம்போல் நுழையாமல் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதே முறை. தொடரில் வரும் ரயில் நிலையம், சிவமொக்கா–தாளகுப்பா பாதையில் உள்ள அரசாளு. 2020-இல் தென்மேற்கு ரயில்வே அங்கே மால்குடி அருங்காட்சியகம் அமைத்தது. சிவமொக்காவில் தங்கிக்கொண்டால் இரண்டு இடங்களையும் பார்த்துவிடலாம்.

இடத்தில் நின்ற பிறகு காட்சியை அடையாளம் காண்பதும் ஒரு வேலை. கிளம்பும் முன் படத்திலிருந்து ஐந்தாறு பிரேம்களைக் கைபேசியில் சேமித்துக்கொள்வது நல்லது; மலைப்பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. மரங்களையும் வண்ணங்களையும் நம்பித் தேடக் கூடாது, அவை மாறும். மலை விளிம்பு, கோபுரம், பாலத்தின் வளைவு ஆகியவை மாறாதவை. தூரத்திலிருந்து டெலி லென்சில் எடுத்த காட்சியில் பின்னணி மலை ஆளுக்கு அருகே வந்துவிடும். நேரில் அதே மலை எங்கோ நிற்கும். ‘இடம் இதுவல்லவோ’ என்ற சந்தேகம் பல நேரம் லென்ஸ் செய்த வேலை.

ஒரே பாதையில் பல படங்களைக் கோக்க முடிவது நீலகிரி மலை ரயிலில். ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் இறுதிக் காட்சியை எடுத்த கேத்தி நிலையம் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் இருக்கிறது. மணிரத்னத்தின் ‘உயிரே’ (1998) படத்தில் ரயில் கூரை மேல் ஆடும் ‘தைய்ய தையா’ பாடலும் இந்த ரயிலில் எடுத்ததுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் அன்றே எடுத்தால்தான் உண்டு. அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து இந்தப் பகுதியில் ரயில் ரத்தாவது வழக்கம். குன்னூர்–ஊட்டி இடையே ரயில்கள் கூடுதல், இடமும் எளிதில் கிடைக்கும். கேத்தியைப் பார்ப்பதற்கு அதுவே போதுமானது. ரயில் அங்கே நிற்பது சில நிமிடங்கள்தான் என்பதால், நடைமேடையை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு ரயிலில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறும்படி நேர அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.